நாகையில் நின்ற கோபுரம்

கடல்வழி வருவோருக்குச் சோழநாட்டுக் கரை முதலில் ஒரு கோடாகவே தென்படும். கொள்ளிடம் கடலில் கலக்கும் முகத்திலிருந்து கோடிக்கரை வரையில் ஒரு குன்றுகூடக் கிடையாது. காவிரி காலங்காலமாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டல் நெல்வயலாக விரிந்து, தென்னையும் பனையும் எல்லை கட்ட, அப்படியே கடலுக்குள் இறங்கிவிடுகிறது. இத்தகைய கரையில் தான் எங்கே வந்திருக்கிறோம் என்று மாலுமி அறிவதற்கு உயர்ந்த கட்டடம் ஏதேனும் கண்ணில் பட்டாக வேண்டும். நாகூர்த் தர்காவின் மனோராக்கள் அவ்வாறு உதவின. அவற்றுள் மிக உயர்ந்ததை எழுப்பியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங்கர் என்பதை இக்கரையார் பெருமையோடு சொல்வர். தெற்கே வேளாங்கண்ணி ஆலயத்தின் கூர்ங்கோபுரங்கள். இவ்விரண்டிற்கும் இடையில், இவற்றுக்கெல்லாம் மூத்ததாக இன்னொரு கோபுரம் 1867 வரை நின்றது. இன்று அது இல்லை. அதைப் பற்றியே இங்கு எழுத விழைகிறோம்; எழுதத் தூண்டியவர் ஒரு விருந்தினர்.

நாகப்பட்டினத்துக்கும் யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் தொடங்கப்பெற்று, சில நாட்களிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடியது. அதன்பின் ஒருநாள், நண்பர் ஒருவரின் வேண்டுகோளுக்கிணங்க, யாழ்ப்பாணத்திலிருந்து வந்திறங்கிய ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரையும் அவர் துணைவியாரையும் துறைமுகத்தில் வரவேற்றோம். இருவரும் கத்தோலிக்கர். துணைவியாருக்கு ஆரோக்கிய அன்னையிடம் ஒரு நேர்ச்சை இருந்தது. ஆசிரியருக்கோ பழைய இடங்களைப் பார்க்கும் ஆவல். இரண்டு நாட்களுக்கு ஒரு வாடகைக் காரும், அதை ஓட்டுவதோடு வழிகாட்டவும் தெரிந்த ஓட்டுநரும் ஏற்பாடாகியிருந்தனர்.

கப்பலில் வருவோரை ஏற்றி இறக்கிப் பழகியவர் அந்த ஓட்டுநர். எந்த இடத்தில் எத்தனை நிமிடம், எந்தக் கதையை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பதைக் காரில் ஏறிய கால் மணி நேரத்துக்குள் சொல்லிவிட்டார். (விழும். மாலையில் சென்று பார்த்தால் எவருக்கும் தெரியும். ஆயினும் அக்கதையைத் தஞ்சையிலிருந்து எவராலும் ஓட்ட முடிவதில்லை.) முதல் நாள் வேளாங்கண்ணி, நாகூர், மறுநாள் தஞ்சை. இதுவே அவர் வகுத்த திட்டம்.

வேளாங்கண்ணியில் நேர்ச்சை நிறைவேறியது. நெடுநேரம் பீடத்தின்முன் இருந்துவிட்டு வெளியே வந்த ஆசிரியர், அங்கு வழங்கும் போர்ச்சுகீசிய மாலுமிகளின் வரலாற்றை நம்மிடம் கேட்டார். மக்காவிலிருந்து கொழும்பு நோக்கிச் சென்ற கப்பல் ஒன்று புயலில் சிக்கிற்று. மாலுமிகள் அன்னையை வேண்டிக்கொண்டனர். செப்டம்பர் 8-ஆம் நாள், அன்னையின் பிறந்த நாளில், இக்கரையில் உயிரோடு ஒதுங்கினர். நன்றியாகச் சிற்றாலயம் எழுப்பினர். பின்னர் மீண்டும் வந்தபோது விவிலியக் காட்சிகள் தீட்டிய பீங்கான் தட்டுகளைக் கொணர்ந்து பீடத்தில் பதித்தனர் என்று மரபு கூறுகிறது. 1962-இல் திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான் இவ்வாலயத்தைப் பேராலயமாக உயர்த்தியதையும் சொன்னோம்.

அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "கப்பலில வந்தவையள் கரையில கோயில் கட்டுறது இந்த ஊருக்குப் பழக்கம் போல" என்றார். பிறகு, காரில் ஏறும்போது, "நாகபட்டினத்தில ஒரு விகாரை இருந்ததாமே, ஐயா. அந்த இடம் எங்க?" என்று கேட்டார்.

ஓட்டுநர் முந்திக்கொண்டார்: "அங்கே பார்க்க ஒண்ணுமில்லை சார். வெறும் இடம்."

நாமும், "ஆம், அது அழிந்துவிட்டது" என்றோம்.

சொன்ன சொல் அன்று முழுவதும் நம்மை உறுத்திற்று. தமிழில் அழிந்தது என்பது ஒரு வினை, அழித்தது என்பது மற்றொரு வினை. இடிந்தது வேறு, இடித்தது வேறு. முன்னதில் செய்தவன் இல்லை. மழையும் காலமும் செய்தன என்று கேட்பவர் எண்ணிக்கொள்ளலாம். நாகையின் கோபுரத்தை இடித்தவர் யார் என்பது நமக்குத் தெரியும். தெரிந்தே முன்னதைச் சொன்னோம்.

அவ்விகாரையின் தொடக்கம் மிகப் புகழ் வாய்ந்தது. இன்றைய இந்தோனேசியாவிலும் மலாய்த் தீபகற்பத்திலும் பரந்திருந்த ஸ்ரீவிஜயப் பேரரசின் மன்னன் ஸ்ரீ மாரவிஜயோத்துங்கவர்மன். அவன் தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரை எழுப்பினான். சைவனாகிய முதலாம் இராஜராஜ சோழன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 1006-இல், ஆனைமங்கலம் என்னும் ஊரை அதற்குப் பள்ளிச்சந்தமாக அளித்தான். தந்தை வாய்மொழியாக இட்ட ஆணையைச் செப்பேட்டில் பொறித்து நிலைபெறச் செய்தவன் மகன் இராஜேந்திரன். 21 ஏடுகள் கொண்ட அச்செப்பேடு டச்சுக்காரர் காலத்தில் கடல் கடந்து, நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. ஆதலின் பெரிய லெய்டன் செப்பேடு என்றே ஆய்வாளர் அதனைக் குறிப்பர். பிடியானையை நடக்கவிட்டு ஊரின் எல்லையை வரைந்த செய்தி அதில் உண்டு. நிலம் 97 வேலி. அதிலிருந்து ஆண்டுதோறும் விகாரைக்குச் சேர வேண்டிய நெல் 8,943 கலத்துக்கு மேல், துணி, குறுணி, நாழி வரையில் கணக்கிடப்பட்டுள்ளது. கடலுக்கப்பாலிருந்து வந்த ஒரு சமயத்தாரின் வழிபாட்டுக்குச் சோழநாட்டு உழவர் விளைத்த நெல் சென்றது. ஆனைமங்கலம் இன்றும் அப்பெயரோடு உள்ள ஊர்தான்.

1025-இல் இராஜேந்திரனின் கப்பற்படை அதே ஸ்ரீவிஜயத்தின் துறைமுகங்களைத் தாக்கிற்று. கடாரம் கொண்டான் என்ற பட்டம் அதனால் வந்தது. ஆயினும் விகாரையின் நிலத்தில் எவரும் கைவைத்ததாகத் தெரியவில்லை. முதலாம் குலோத்துங்கன் 1090-இல், கடாரத்துத் தூதுவர் வேண்டிக்கொள்ள, மீண்டும் செப்பேடு வழங்கி அதன் உரிமைகளை உறுதி செய்தான். நாகைக் காரோணம் எனப்படும் சிவன் கோயிலில், கடாரத்தரசர் சார்பில் அளிக்கப்பட்ட கொடைகளைப் பற்றிய கல்வெட்டுகளில் சீனக் கனகம் என்ற சொல் காணப்படுகிறது. நாகைத் தெருக்களில் சீனத்துப் பொன் புழங்கிய காலம் அது.

கப்பலிலிருந்து இறங்கி இவ்வூரின் திருவிடங்களைப் பார்த்துச் சென்றவர்களின் வரிசை இன்னும் பழையது. சீனத் துறவி இத்சிங், தம் காலத்துப் புத்தத் துறவியரின் பயணங்களை 7-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொகுத்து எழுதினார். கடாரத்திலிருந்து 30 நாள் கடற்பயணத்தில் நாகப்பட்டினம் வந்து, அங்கிருந்து இரண்டு நாளில் இலங்கையை அடைந்த ஒரு துறவியை அதில் காண்கிறோம். 14-ஆம் நூற்றாண்டில் வாங் தாயுவான் என்னும் சீனப் பயணி, இப்பகுதியின் சமவெளியில் செங்கல்லால் கட்டிய உயரமான கோபுரம் ஒன்று நிற்பதாகவும், 1267-இல் கட்டி முடிந்ததாக அதில் சீன எழுத்துகள் இருப்பதாகவும் குறித்தார். அவர் குறித்த இடம் நாகப்பட்டினமே என்பர் அறிஞர்.

இவர்களுள் நம் நெஞ்சைத் தொடுபவர் பர்மாவின் துறவியர். பெகு நாட்டு மன்னன் தம்மசேதி தன் துறவியரை இலங்கைக்கு அனுப்பிப் புத்த மரபுப்படி திருநிலைப்பாடு பெறச் செய்தான். 1476-ஐ ஒட்டி அவன் பொறித்த கல்யாணிக் கல்வெட்டுகள் அவ்வரலாற்றைச் சொல்கின்றன. திரும்பும் வழியில் ஒரு கப்பல் உடைந்தது. தப்பியவர்கள் தமிழ்க்கரையில் ஏறி, கால்நடையாக நாகப்பட்டினம் வந்தனர். ஊர் திரும்ப வேறு கப்பல் தேட வேண்டிய நிலை. அந்நிலையிலும் அவர்கள் பதரிகாராமம் என்னும் பழைய விகாரை இருந்த இடத்தைத் தேடிச் சென்று பார்த்தனர். சீன மன்னன் ஆணையால் அமைக்கப்பட்டதெனச் சொல்லப்பட்ட குகையிலிருந்த புத்தர் உருவை வணங்கினர். கல்வெட்டு அதனை விகாரை இருந்த இடம் என்றே குறிக்கிறது. கப்பல் உடைந்து கரையேறியவர்கள், ஒரு பாழிடத்தைத் தேடிச்சென்று வணங்கியிருக்கிறார்கள்! வேளாங்கண்ணியில் ஒதுங்கிய மாலுமிகளை நினைக்குந்தோறும் இவர்களும் நம் நினைவுக்கு வருகின்றனர்.

போர்ச்சுகீசியர் 16-ஆம் நூற்றாண்டில் நாகையில் குடியேறினர். 1658-இல் டச்சுக்காரர் கைப்பற்றினர். 1781-இல் ஆங்கிலேயர். ஆட்சிகள் மாறினும் ஊருக்கு வடக்கே அந்தச் செங்கற்கோபுரம் மட்டும் தன் இடத்தில் நின்றது. அதைக் கட்டியவர் எவர் என்பது மறந்துபோயிற்று, பெயர்களோ பலவாயின. ஊரார் புதுவெளிக் கோபுரம் என்றனர். ஐரோப்பியர் சீனக் கோயில் என்றும் கறுப்புக் கோயில் என்றும் அழைத்தனர். அரசாங்க நில அளவைப் படம் அதைச் சமணக் கோயில் ஆக்கிற்று. கப்பல்காரருக்கு இப்பெயர்களால் ஆவது ஒன்றுமில்லை. அவர்களுக்கு அது கரையின் அடையாளம்.

சென்னை அரசாங்கத்தில் உயர்பதவி வகித்த சர் வால்டர் எலியட், அமராவதிச் சிற்பங்களைச் சென்னைக்குக் கொணர்ந்தவர், 1846-இல் இக்கோபுரத்தை நேரில் கண்டார். நாற்புறமும் சதுரமாக, மூன்று தளங்களோடு, சாந்தின்றி நெருக்கி அடுக்கிய செங்கற்களால் ஆன கட்டடம்; ஒவ்வொரு பக்கத்திலும் நடுவே வாயில்; மேலே கூரை இல்லை; வண்டிகளும் மாடுகளும் உராய்ந்து அடிப்பக்க மூலைகள் தேய்ந்திருந்தன; ஆயினும் கட்டடம் உறுதியாகவே இருந்தது என்று அவர் எழுதினார். அவர் கட்டுரை 1878-இல் அச்சேறியது. அதோடு வெளிவந்த படம்தான் இன்று நமக்கு எஞ்சியிருக்கும் கோபுரம்.

அதற்குள் பதினோராண்டுகளுக்கு முன்பே உண்மைக் கோபுரம் மறைந்திருந்தது.

பிரெஞ்சு இயேசு சபைக் குருக்கள் 1844-இல் நாகையில் புனித சூசையப்பர் கல்லூரியைத் தொடங்கினர். கோபுரத்தைச் சூழ்ந்த நிலம் அவர்கள் கைக்கு வந்தது. 1856-இல் அங்கிருந்த பெரிய இலுப்பை மரம் ஒன்றை அகற்றியபோது மண்ணுக்கடியில் ஐந்து புத்தர் உருவங்கள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று பின்னாளில் சென்னை ஆளுநர் நேப்பியர் பிரபுவுக்குக் கொடுக்கப்பட்டது. ஆகவே, அது எவ்வகைப்பட்ட இடம் என்பதைக் குருக்கள் அறியாதவர் அல்லர். ஆயினும் அவர்கள் கோபுரத்தை இடிக்கவும் அதன் செங்கற்களைக் கல்லூரிக் கட்டடத்துக்குப் பயன்படுத்தவும் அனுமதி வேண்டினர். 1867-இல் நேப்பியரின் அரசாங்கம் அனுமதித்தது. கோபுரம் இடிக்கப்பட்டது.

நாம் இங்கு நியாயத்தோடு பேச வேண்டும். பழங்கட்டடங்களைக் காக்கும் சட்டம் இந்தியா முழுமைக்கும் வந்தது 1904-இல்தான். அந்நாளில் அரசாங்கமே வழிகாட்டியாக இருந்தது: 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது, கங்கைகொண்ட சோழபுரத்து மதிலின் கற்களைப் பெயர்த்துச் சென்றனர். இராஜேந்திரன் எழுப்பிய மதில் அது. குருக்களோ கல்வி கொடுக்க வந்தவர்கள். பிள்ளைகளுக்கு வகுப்பறை வேண்டும்; கையிருப்பு குறைவு; தம் நிலத்தில் கூரையற்ற ஒரு பாழ்க்கட்டடம் நிற்கிறது. அவர்கள் இடத்தில் நாம் இருந்திருந்தால் வேறாக நடந்திருப்போம் என்று மார்தட்ட நமக்குத் துணிவில்லை.

ஆனால் கணக்கின் மறுபக்கமும் உண்டு. கீழணை இன்றும் வயலுக்கு நீர் கொடுக்கிறது. மதிலின் கற்கள் ஒருவாறு பயன்பட்டன என்று மனத்தைத் தேற்றலாம். நாகைக் கல்லூரியோ 1883-இல் திருச்சிராப்பள்ளிக்குப் பெயர்ந்துவிட்டது. அங்கே அது பல்கிப் பெருகி, தமிழ்நாட்டின் பெருங்கல்லூரிகளுள் ஒன்றாக விளங்குவது நம் அனைவர்க்கும் பெருமை. நாகையில் அதற்கென இடித்த செங்கல் அதற்குப் பயன்பட்டது பதினாறே ஆண்டு. கோபுரம் நின்றதோ பல நூற்றாண்டு.

மண் தன்னிடம் இருந்ததை அதன்பின்னும் கொடுத்துக்கொண்டேயிருந்தது. 1856 முதல் 1934 வரையில் வெளிப்பாளையம் பகுதியிலும் நாணயக்காரத் தெருவிலும் 350-க்கு மேற்பட்ட புத்தச் செப்புத் திருமேனிகள் அகப்பட்டன. டி. என். இராமச்சந்திரன் அவற்றை ஆராய்ந்து எழுதிய நூலைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1954-இல் வெளியிட்டது. பல திருமேனிகள் எழும்பூரில் உள்ளன. ஏனையவை உலகின் பல அருங்காட்சியகங்களுக்குச் சென்றன. நாகையின் புத்தர் உருவங்களுள் பெரும்பாலானவற்றை நாகைக்கு வருவோர் அங்கே காண முடியாது.

1965 அக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம், பிற சமயங்களோடு திருச்சபைக்குள்ள உறவைப் பற்றிய அறிக்கையை வெளியிட்டது. அதில் புத்தம் பெயர் சொல்லி மதிக்கப்பட்டுள்ளது. அச்சமயங்களில் உண்மையும் தூய்மையுமாக உள்ள எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்கிறது சங்கம். 1867-இன் குருக்களிடம் அவ்வறிக்கை இல்லை. நம்மிடம் உண்டு. அப்படியிருந்தும் ஒரு விருந்தினர் நேரே கேட்டபோது நாம் சொன்னது, அழிந்துவிட்டது என்று!

மறுநாள் தஞ்சைக்குச் சென்றோம். நாகையிலிருந்து போகும் வழியெல்லாம் சம்பா நட்ட வயல்கள். அம்மையார் காரின் கண்ணாடியை இறக்கிவிட்டு அவற்றையே பார்த்துக்கொண்டு வந்தார். பெரிய கோயிலில் ஓட்டுநர் தம் நிழல் கதையை முடித்தபின், நாம் ஆசிரியரைத் தனியே அழைத்து, அங்குள்ள சிற்பங்களுக்கிடையே போதிமரத்தடியில் அமர்ந்த புத்தரின் சிற்றுருவம் ஒன்று உண்டென்று சொன்னோம். 1010-இல் குடமுழுக்குக் கண்ட சிவன் கோயிலில் புத்தரா என்று அவர் வியந்தார். ஆனைமங்கலத்தைக் கொடுத்த அதே கைதான் இதையும் கட்டியது என்றோம். அவ்வளவோடு நின்றிருக்கலாம், நமக்குப் பெருமையான பகுதி அதுவே.

ஊருக்குத் திரும்பும் நாள் காலையில், துறைமுகத்து வாயிலில், சோதனைக்காக வரிசை நகர்ந்துகொண்டிருக்கையில் அவரிடம் சொன்னோம்: "ஐயா, முந்தாநாள் நீங்கள் கேட்ட விகாரையைப் பற்றி நாம் சரியாகச் சொல்லவில்லை. அதன் கோபுரம் தானாக இடியவில்லை. இடித்தவர்கள் நம் குருக்கள். கல்லூரி கட்டுவதற்காக இடித்தார்கள்."

அவர் சற்று நேரம் பேசவில்லை. ஆலயங்கள் இடிபடுவதைக் கண்ணால் கண்ட நாட்டிலிருந்து வந்தவர் அவர். யாழ்ப்பாணத்துப் போர்க்காலத்தில் குண்டுவீச்சில் சிதைந்த கோயில்களும் தேவாலயங்களும் எத்தனை என்பதை நம்மைவிட நன்கறிந்தவர். குற்றஞ்சாட்டும் முகமாக எதுவும் சொல்வார் என எதிர்பார்த்தோம். சொல்லவில்லை.

"அடுத்த முறை வரேக்க அந்த வெறும் இடத்தையும் ஒருக்காக் காட்டுங்கோ" என்றார். "இவவுக்கும் காட்ட வேணும்."

அம்மையார் தலையசைத்தார். வரிசை உள்ளே நகர்ந்துவிட்டது.

காருக்குத் திரும்பியபோது ஓட்டுநர் கதவைத் திறந்துவிட்டு நின்றார். பெட்டிகளைத் தூக்கி வந்தவர், நாம் பேசியது அவர் காதிலும் விழுந்திருந்தது.

"சாமியாருங்களா இடிச்சாங்க? எந்த வருஷம் சார்?" என்று கேட்டார்.

1867 என்றோம். வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு, வண்டியைக் கிளப்பினார்.